எட்டியப்பனுக்கு மேலே போகிற சாலை

ஆறு கெட்டியாகிப்போன காலையில் பறிமேட்டில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. அந்த ஆறு அதற்கு முன்பே என்னென்னவோ ஆகிப் பார்த்துவிட்டிருந்தது. ஒரு பருவம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்து அரிசி களைந்த தண்ணீராக வெளுத்து ஓடியது. ஒரு பருவம் மேற்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகைகளின் கழிவு இறங்கி மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியது, அந்த மினுக்கத்தில் குளித்த பிள்ளைகளுக்கு ஈறுகளில் நீலக்கோடு விழுந்து, அது பிறவியிலேயே வருகிற கோடுதான் போலிருக்கிறது என்று பெற்றவர்களே நினைத்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிப்போனது. மழைக்காலம் வந்தால் பட்டணம் தின்று குடித்து எறிந்த பைகளும் பாட்டில்களும் ஷாம்புப் பொட்டலங்களும் மாத்திரை அட்டைகளும் ஊர்வலமாக வந்து, கடலுக்குள் போக மனமில்லாமல் முகத்துவாரத்திலேயே குந்திக்கொண்டன. ஆகையால் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், காய்ச்சி இறக்கின பால் ஆறும்போது ஆடை கட்டுமே, அதுபோல ஆறு கரைக்குக் கரை ஆடை கட்டி, அந்த ஆடை தடித்து, தடித்தது கெட்டித்து, அலை நின்று, சத்தம் நின்று, ஒரே பிளாஸ்டிக் பாயாக விரிந்து கிடந்தபோது, கரையில் நின்றவர்கள், "சரி, இப்ப இதுவா" என்றார்கள்.

பறிமேடு இறால் தடவுகிறவர்களின் ஊர். வலை கிடையாது, படகு கிடையாது, கையும் காலும்தான். முதலில் ஆற்றுக்குள் நேர்கோடாக நடப்பார்கள், குதிகாலைச் சேற்றில் அழுத்தி அழுத்தி. அந்தக் காலடிக் குழிகளில் இறால் வந்து ஒண்டிக்கொள்ளும். பிறகு வந்த வழியே திரும்பி, குழிக்குக் குழி முங்கி, உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, பனையோலையில் முடைந்த பறிக்கூடைக்குள் போடுவார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிறு பல்லில் இருக்கும். பல்லில் கயிறு இருக்கிறவன் பேச முடியாது என்பதால் தண்ணீரைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு தட்டினால், போதும், கரையேறலாம் என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு தட்டினால், இங்கே நிறையக் கிடக்கிறது, வாங்க என்று அர்த்தம். என்னைக் காப்பாற்றுங்கள் என்பதற்கு அவர்களிடம் தட்டு கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் எவன் அப்படிக் கேட்கப் போகிறான்?

அன்றைக்குத் தேசம்மா கரையேறிவிட்டிருந்தாள். அவள் புருஷன் எட்டியப்பன் ஏறவில்லை. ஒரு குழியைத் தடவாமல் விட்டுவிட்டு வந்தால் அது ராப்பூரா தன்னை முறைத்துக்கொண்டே இருக்கும் என்று சொல்கிற ஆள் அவன். எல்லாரும் துணியைப் பிழிந்து, தலையைத் துவட்டி, வெற்றிலை போட்டுத் துப்பின பிறகும் நடு ஆற்றில் அவன் தலை மட்டும் நீர்க்காக்கை மாதிரி முங்குவதும் எழுவதுமாக இருக்கும்.

"யோவ், அந்தக் குழியில இறாலு இல்ல, உன் காலு ரேகதான் கீது, வந்து தொலைய்யா" என்று தேசம்மா கத்தினாள்.

அவன் பறிக்கயிற்றைக் கடித்தபடியே சிரித்துவிட்டுக் கடைசிக் குழிக்கு முங்கினான். முங்கின இடத்தில் வட்டம் ஒன்று கிளம்பி விரிந்தது. பாதி விரிந்த வட்டம் அப்படியே நின்றது.

பிறகு அடியிலிருந்து சத்தம் வந்தது. டப் டப்.

அதற்குப் பிறகு நடந்த தப்பைப் பறிமேட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. எட்டியப்பனின் தம்பி கோதண்டம் காதைக் கொடுத்துக் கேட்டான், முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். "கேட்டீங்களா, ரெண்டு தட்டு! அண்ணன் நெறைய கீதுன்னுது! ஓடுங்க, பெரிய பறியா பாத்து எடுத்தாங்க!" ஊரே வீட்டுக்கு ஓடியது. அவ்வளவு கெட்ட வருஷங்களுக்குப் பிறகு 'நிறைய' என்கிற சேதி காதில் விழுந்தால் கால் நிற்குமா? தேசம்மாவும் ஓடினாள். அந்தச் சமயத்தில் ஆடை இளசாகத்தான் இருந்தது, விரல் நகத்தால் கீறியிருந்தால் கிழிந்திருக்கும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. கூடைகளோடு அவர்கள் திரும்பி வந்தபோது ஒரு வெள்ளாடு அதன் மேல் ஏறி நின்று, ஒட்டிக்கொண்டிருந்த முட்டைகோஸ் இலையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அடியில் தட்டு நிற்கவில்லை. டப் டப். டப் டப். அவனுக்குத் தெரிந்த பெரிய சத்தம் அதுதான்.

தேசம்மா ஆட்டைப் பார்த்துத் தைரியம் கொண்டு மேலே நடந்தாள். ஆடை முழுக்கக் கலங்கலாக, உள்ளே உறிஞ்சுகுழலும் பைக் காதுகளும் பொட்டலக் கிழிசல்களும் பாலில் விழுந்த ஈ மாதிரி அங்கங்கே சிக்கிக் கிடந்தன. நடு ஆற்றில் மட்டும், எட்டியப்பன் முங்கின இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவின் மேல் மண்டியிட்டுக் குனிந்தாள். அவன் முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். பறிக்கயிறு இன்னும் பல்லில் இருந்தது. அவளைக் கண்டதும் அதை எடுத்துவிட்டு ஏதோ சொன்னான். அவன் சொன்னது முட்டை முட்டையாக மேலே வந்து ஆடையின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு உடையாமல் நின்றது.

எப்படி மூச்சு விடுகிறான் என்று முதல் வாரம் கேட்டார்கள். பிறகு, விடுகிறானா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கடப்பாரை போட்டார்கள், அது எகிறிப் போட்டவன் முட்டியையே பதம் பார்த்தது. ரம்பம் வைத்து அறுத்தார்கள். அறுத்த வாய் பின்னாலேயே மூடிக்கொண்டு ரம்பத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டது. டயரைக் கொளுத்திப் போட்டார்கள். ஆடை கறுத்து, நாறி, முன்னைவிடத் தடித்தது. காவல் நிலையத்துக்குப் போனால், "காணாமப் போனாத்தான்மா காணோம்னு எழுத முடியும், ஆளுதான் கண்ணுக்கு நேரா தெரியிறாரே" என்றார்கள். கடைசியில் தண்ணீரைச் சோதிக்கிற அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பையன், படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்தவன், மூடி போட்ட காலி பாட்டிலோடு வந்தான். நடு ஆற்றில் குந்திக்கொண்டு பாட்டிலை அப்படி வைத்துப் பார்த்தான், இப்படிச் சாய்த்துப் பார்த்தான்.

"இவரு அடியில கீறாரு சார்" என்றாள் தேசம்மா.

"புரியுதும்மா."

"எதனா செய் சார்."

"செய்யணும்னுதான் வந்தேன். தண்ணி எடுத்துக்கிட்டுப் போனாத்தான் தண்ணியப் பத்திப் பேச முடியும்." அவன் உண்மையிலேயே அழப்போகிறவன் மாதிரி இருந்தான். "பாட்டில்ல போக மாட்டேங்குதேம்மா."

குனிந்து, தெளிவின் வழியாக எட்டியப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காலி பாட்டிலோடு போய்விட்டான்.

அக்கரைக்குப் போகிற வழியைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியும் பஸ் நிலையமும் அக்கரையில்தான். பாலம் வேண்டும் என்று பறிமேடு தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, மின் நிலையம் சாம்பல் கொட்டுகிற ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிற மண் பாதைதான் மிச்சம். அந்தப் பாதையில் போய், பாதியிலேயே செத்தவர்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. டீக்கடை அஞ்சலாவின் மகளுக்கு இடுப்பு வலி எடுத்துப் பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்டபோது, ஆம்புலன்ஸ் அக்கரையில் வந்து நின்றுகொண்டு, சுற்றி வரவா வேண்டாமா என்று யோசித்தது. தெளிவின் மேல் படுத்துக் கிடந்த தேசம்மாதான் எழுந்தாள். ஓரமாக நின்று, கையைக் காட்டி, "வா, வா, தாங்கும், நேரா வா" என்று அந்த வண்டியை ஆற்றின் மேல் கூப்பிட்டு வழி விட்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பேத்திக்கு ஆத்தா என்று பேர் வைத்தாள் அஞ்சலா.

அதற்குப் பிறகு அதைச் சாலை என்று யாரும் அறிவிக்கவில்லை. அது தானாகச் சாலையாகிக்கொண்டது. முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிறகு சைக்கிள், பிறகு மீன் ஏற்றின மூன்று சக்கர வண்டி, பிறகு மினி பஸ், பிறகு சாம்பல் லாரிகள். ஊராட்சித் தலைவர் துலுக்காணம் ஓரத்தில் வெள்ளைக்கோடு போட வைத்து, கோட்டின் மேல் நின்று பேசினார். "பாலம் கேட்டு கேட்டு வாய் வலிச்சிச்சி. ஆறே பாலமா ஆயிடுச்சி. இதுக்கு மேல இன்னாய்யா வேணும்?" கை தட்டினார்கள். அடியிலிருந்தும் டப் டப் என்று வந்தது, அதையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொண்டு அவர் கும்பிட்டார். அஞ்சலா டீக்கடையை நடு ஆற்றுக்கே மாற்றிக்கொண்டாள். இறால் தடவினவர்கள் பஞ்சர் ஒட்டினார்கள், இளநீர் சீவினார்கள், லாரிக்குக் கிளீனராகப் போனார்கள். மேற்கே இருந்த கொட்டகைக்காரர்களுக்கும் இன்னும் பெரிய கம்பெனிகளுக்கும் பெரிய நிம்மதி. கழிவுக் குழாய்களை ஆடைக்கு அடியில் செருகிவிட்டால் நிறமும் தெரியாது, நாற்றமும் வராது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆறு இருந்த காலத்தைவிட ஊர் சுத்தமாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். பறிமேட்டுக்காரர்களும் ஆமாம் என்றார்கள், ஏனென்றால் அது உண்மைதான்.

தேசம்மாவுக்கு மட்டும் அடியில் நடப்பது தெரிந்தது. ஒரு நாள் எட்டியப்பன் ஊதா நிறத்துக்குள் நின்றான், ஒரு நாள் சாம்பலுக்குள் நின்றான், ஒரு நாள் பச்சை குத்தின மாதிரி உடம்பெல்லாம் நரம்பு தெரிய நின்றான். அவன் ஈறு முழுக்க நீலமானது. தலைமுடியோடு சாக்கு நூல் பின்னிக்கொண்டது. தோலில் மீன் செதில் மாதிரி ஒரு வெள்ளி மினுக்கம் ஏறியது, அது அழகாக இருந்ததுதான் அவளை நடுங்க வைத்தது. எல்லாவற்றையும்விட மோசம், ஆடை கீழ்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. குழாய்கள் துப்பத் துப்ப அது அடியில் தடித்தது. முதலில் முழங்காலை மடக்கி நின்றவன் பிறகு குந்தினான். குந்தினவன் பிறகு உட்கார்ந்தான். உட்கார்ந்திருந்தவனின் தலை ஆடையில் இடிக்க ஆரம்பித்ததும் அவன் கையை ஊன்றித் தவழ்ந்தான். ஆடை தரையைத் தொடுவதற்குள் அவனை எடுக்கவேண்டும். இது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால் இன்னும் பலமாகத் தட்டினான்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்த லாரி டிரைவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் கையில் அதிர்ந்தது. "யாரு யக்கா அடியில?" என்று கேட்பார்கள்.

"எங்க ஊரு ஆளுதான். நீ டீய குடி, ஆறிடப் போவுது."

ஒரு டிரைவருக்குப் பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடி, தெளிவுக்கு ஒரு முழம் முன்னால் வந்து தானாக நின்றது. அவன் இறங்கி ஓர் எலுமிச்சம்பழம் வைத்தான். அடுத்தவன் கற்பூரம் ஏற்றினான். மஞ்சள் துணி வந்தது, வேல் வந்தது, தகரக் கூரை வந்தது. தட்டுச்சாமி என்று பேரும் வந்துவிட்டது. வேலை கிடைக்குமா சாமி என்று கேட்டால் டப் டப். பொண்ணு அமையுமா என்று கேட்டால் டப் டப். வந்தவர்களுக்கு அர்த்தம் சொல்கிறவன் கோதண்டம். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "நெறைய கீதுன்னுது சாமி, போய்ட்டு வாங்க" என்பான். அன்றைக்கு ஆற்றங்கரையில் சொன்ன சொல்லைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள முடியாமல் தினம் தினம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணன் சாமி இல்லடா" என்பாள் தேசம்மா, மாலைகளை வாரி ஓரம் தள்ளிவிட்டு, அவன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு.

"சாமின்னு சொன்னாலாவது எவனும் அந்த எடத்துல வண்டிய நிறுத்தாம கீறான் அண்ணி. சாமி இல்லன்னா அது மேலயே பார்க்கிங் போட்டுடுவானுங்க."

அதுவும் உண்மைதான். பறிமேட்டில் அந்த நாட்களில் எல்லாரும் உண்மையைத்தான் பேசினார்கள்.

ஒரு மத்தியானம் அவள் அழுது ஓய்ந்து, தெளிவின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது கை ஒரு விரல்கடை உள்ளே இறங்கியிருந்தது. கடப்பாரைக்கும் தீக்கும் கொடுக்காத ஆடை, ஓர் உடம்பின் சூடு அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால் அதற்கு மட்டும் மெழுகு மாதிரி இளகுகிறது. எடுத்தால் மூடிக்கொள்கிறது. அவள் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள், அவளுக்குத் தெரிந்த வகையில். ஒரு கைக்கு ஒரு கை அகலம். ஊரே கை வைத்தால் ஓர் ஆள் அகலம்.

தட்டுச்சாமிக்கு முதல் திருவிழா வந்தது. ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள், அடியிலிருந்து வந்த சத்தம் அந்த இரைச்சலில் காதுக்கு எட்டவில்லை. சாமியின் பெண்டாட்டி என்று தேசம்மாவுக்கு முதல் மரியாதை செய்து, தலையில் பரிவட்டம் கட்டப் போனார்கள். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, ஊரைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குத் துணி வேணாம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எல்லாரும் வந்து இது மேல கைய வெச்சிக்கினு படுங்க. எழுந்திரிக்காதீங்க, நகராதீங்க, அவ்ளோதான். இளகிக் குடுக்குது, நான் பாத்தேன். அவரு தவழ்றாரு இப்ப. அதுக்கும் எடம் கொறஞ்சிக்கினே வருது. சாமின்னு கும்பிட்ட கையி தானே, அந்தக் கையத்தான் கேக்குறேன்."

ஊர் வந்தது. வரவில்லை என்று சொல்ல முடியாது. வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து, தெளிவின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெச்சிட்டேன் யக்கா," "வெச்சாச்சி தேசம்மா" என்று சொல்லிவிட்டு, பொங்கல் வாங்கப் போனார்கள். ஆடையில் ஈரம்கூடத் தங்கவில்லை.

துலுக்காணம் கடைசியாக வந்தார். கையை வைக்கவில்லை, குனிந்து காதோரம் பேசினார். "தேசம்மா, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. ஊரே படுத்தா ஆறு தொறந்துக்கும், எனக்கும் தெரியிது. தொறந்தா அடியில கீறதெல்லாம் மேல வரும். அந்தத் தண்ணிய நீ பாத்துக்கினுதானே கீற? பச்சக் கொழந்தைங்க கீற ஊரும்மா இது. அதுல எவன் பொழப்பான்?"

"அவரு அதுலதான் கீறாரு தலைவரே" என்றாள் தேசம்மா.

அவர் நிமிர்ந்தார். பிறகு, ஒலிபெருக்கிக்காரன் பாட்டை நிறுத்திவிட்டதைக் கவனித்து, "போடுய்யா, போடு, இன்னாத்துக்கு நிறுத்துன" என்று சத்தம் போட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு அஞ்சலா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தேசம்மா பக்கத்தில் குந்தினாள். குழந்தை, தெளிவுக்குள் மினுங்கினதைப் பார்த்துக் கையை நீட்டியது. அஞ்சலா அந்தக் கையைப் பிடித்து மடக்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ன நாலு வார்த்த திட்டிடு யக்கா. இது பொழச்சதே இந்த ரோட்டாலதான். நீதான் வண்டிய கூப்புட்ட, நான் மறக்கல. சோறு ஊட்டச் சொல்லு ஊட்டுறேன், உனக்குப் பீ மூத்திரம் அள்ளச் சொல்லு அள்ளுறேன். கைய மட்டும் கேக்காத."

தேசம்மா திட்டவில்லை. "கொழந்தைய வெய்யில்ல வெச்சிக்கினு நிக்காத, போ" என்றாள்.

பிறகு தெளிவின் மேல் குப்புறப் படுத்தாள். வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள். அசையாமல் கிடந்தாள். வெயில் அடித்தது, கிடந்தாள்; மழை தூறியது, கிடந்தாள்; மாலைகள் காய்ந்து அவள் முதுகில் உதிர்ந்தன, கிடந்தாள். கை மணிக்கட்டு வரை இறங்கியது, முழங்கை வரை இறங்கியது. அஞ்சலா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வேளாவேளைக்கு வந்து, சோற்றை உருட்டி வாயில் வைத்து, தண்ணீர் ஊற்றி, முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். தோள் ஆடையில் முட்டினபோது விரல்கள் அடிப்பக்கம் வெளியே வந்தன. சில்லென்று, கொழகொழவென்று, துருப்பிடித்த இரும்பை நக்கினால் வருகிற ருசி விரல் வழியாகவே நாக்குக்கு ஏறியது. அந்தக் கொழகொழப்புக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது.

நகமெல்லாம் போயிருந்தது. தோல் தடித்து வழவழவென்று யாருடையதோ மாதிரி இருந்தது. ஆனால் முதலில் அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து லேசாக ஓர் இழுப்பு இழுத்தான், கல்யாணமான புதிதில் சந்தைக்கூட்டத்தில் அவள் பின்தங்கும்போது இழுப்பானே, அந்த இழுப்பு. "யோவ்" என்றாள் தேசம்மா, ஆடையில் வாயை வைத்து. "யோவ். நான்தான்யா." அவன் இரண்டாவது கையையும் கொண்டுவந்து அவள் கையைச் சுற்றிப் பொத்தினான்.

கை இரண்டும் அங்கே இருந்ததால் தட்டு நின்றுபோனது.

பறிமேடு அந்த நிசப்தத்தைத் தூக்கத்தில்கூடக் கவனித்தது. கோதண்டம் விபூதித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அண்ணி உயிரோடு கிடப்பதைப் பார்த்தான், அவள் தோள் வரை ஆற்றுக்குள் இருப்பதைப் பார்த்தான். மண்டியிட்டான்.

"அண்ணன் கீதா?"

"பிடிச்சிக்கினு கீறாரு."

"அண்ணி, கைய எடுத்துடு அண்ணி. சுத்திக் கெட்டியாவுது பாரு, தோளாண்ட வெளுத்துப் போச்சி. அப்புறம் எடுக்கவே முடியாது."

"ஒரு கை பத்தல கோதண்டம். நீ வையி. உன் கையும் வந்துச்சின்னா ரெண்டு கை அகலம்."

கோதண்டம் தன் கையைப் பார்த்தான். விபூதியைத் துடைத்தான். அவள் தோளுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தான். வெகுநேரம் படுத்துக் கிடந்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கையின் கீழே ஆடை நகக்கனம் இளகியது. அவன் அழுதுகொண்டே, "அண்ணே, தட்டுக்குத் தப்பா சொல்லிட்டேண்ணே" என்று ஆடையிடம் சொன்னான். அப்போது அக்கரையிலிருந்து ஒரு சாம்பல் லாரியை, வழியில் யாரும் படுத்திருப்பார்கள் என்று நினைக்காத டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டி வந்தான். கோதண்டத்துக்கு உடம்பு தானாக எகிறிவிட்டது. லாரி தேசம்மாவை ஒரு சாண் விட்டுத் தாண்டிப் போனது. அவன் கை வைத்த இடம் மூடிக்கொண்டது. அவன் மறுபடி படுக்கவில்லை. டிரைவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு சிவப்புத் துணியைக் கொம்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தலைவர் வந்து பார்த்தார். தாசில்தார் ஆபீசில் பேசினார். தேசம்மா நெடுஞ்சாலைக்கு இடையூறா, சாமிக்கு நேர்ந்துகொண்டவளா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது, இரண்டும்தான் என்று முடிவானது. பஸ்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின. "தேசம்மா ஸ்டாப்பிங் இறங்கு" என்று கண்டக்டர் சொல்ல ஆரம்பித்தான். வெயிலுக்குத் தகரத்தை அவள் பக்கம் நீட்டிக் கட்டினார்கள். சுற்றிலும் தார் டிரம்களை நிறுத்தி, மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட ஒரு பெயிண்டரை அனுப்பினார்கள். நல்ல மனுஷன், அவள் மூக்குக்கு நெடி ஏறாமல் டப்பாவைக் காற்றுக்கு மறுபக்கம் வைத்துக்கொண்டு வேலை செய்தான்.

அடியில் ஆடை தரைக்கு வந்துகொண்டிருந்தது. எட்டியப்பன் இப்போது மல்லாந்து கிடந்தான். தெளிவின் வழியாகப் பார்க்காமலேயே, பிடித்திருந்த கை சாய்கிற சாய்வில் அவளுக்கு அது தெரிந்தது. தோளைச் சுற்றி ஆடை இறுகின இடத்திலிருந்து வலி போய், மரத்துப்போதல் ஒவ்வொரு அங்குலமாகக் கீழே இறங்கி முழங்கையைத் தாண்டிவிட்டது. அது அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். கை சில்லிட்டு வருவதை, பிடித்திருக்கிறவன்தானே முதலில் அறிவான்?

அவன் பொத்தியிருந்த இரண்டு கைகளில் ஒன்றை எடுத்தான். மற்றதையும் தளர்த்தினான். பிறகு அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து, பிள்ளையின் மூடிய கையிலிருந்து கண்ணாடிச் சில்லை வாங்குகிற பதனத்தோடு, நிமிர்த்தினான்.

"யோவ், வேணாம்" என்றாள் தேசம்மா.

அவன் மோதிரவிரலை நிமிர்த்தினான்.

"இன்னாய்யா பண்ற. வேணாங்கறேன்ல."

"என்னையா சொன்ன யக்கா?" என்று கேட்டான் பெயிண்டர்.

"உன்ன இல்ல."

"அப்ப ஒண்ணு செய்யி யக்கா. தலைய கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்திக்கோ, கோடு வளைஞ்சிப் போவுது."

அவள் தலையை நகர்த்திக் கொடுத்தாள். அடியில், உணர்வு மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, அவன் நிமிர்த்தின தன் விரல்களையும் ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினாள்.